பழைய பந்தயக் கார்கள் ஓடும் வார இறுதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பெரம்பூரில் வளர்ந்தவன். சோழவரத்தில் நடந்த கார் பந்தயங்களைச் சித்தப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்த்திருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டைக்கு இன்றும் போகிறேன். இங்கிலாந்தின் குட்வுட் பந்தயத் தடத்துக்கு இரண்டு முறை போய்வந்தேன். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி இரவு வெளிச்சத்தில் பார்முலா 4 கார்கள் ஓடிய பிறகு, பந்தயம் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பழைய வண்டிகளின் பந்தயம் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வின்டேஜ், கிளாசிக், ஹிஸ்டாரிக் எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்று, பந்தய விதிகளில் வேறு வேறு. இங்கிலாந்தில் 1934-ல் தொடங்கிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் கணக்குப்படி 1930 முடிவதற்குள் தயாரான வண்டிதான் வின்டேஜ். நம் நாட்டுச் சட்டம் 2021 முதல், முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை வின்டேஜ் என்கிறது. பந்தயக்காரர்கள் 'ஹிஸ்டாரிக்' என்று சொல்லும்போது 1920-களின் பென்ட்லியும் அதில் வரும், 1970-களின் பார்முலா ஒன் காரும் வரும். கீழே 'பழைய வண்டி' என்று நான் எழுதுவது இந்தக் கடைசிப் பொருளில்தான்.

சோழவரம், சோழவரம் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அங்கே என்ன நடந்தது?

செங்குன்றம் தாண்டி, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்த பிறகு அங்கே விமானத்துக்கு வேலை இல்லை. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. அந்த ஓடுதளத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓட ஆரம்பித்தன. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் பந்தயம் என்றால் சோழவரம்தான். கோண்டல் சமஸ்தானத்து மகாராஜா அங்கே வண்டி ஓட்டியிருக்கிறார். விஜய் மல்லையா என்சைன் பார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியிருக்கிறார். கோயம்புத்தூரின் கரிவர்தன் தானே வடிவமைத்துக் கட்டிய கார்களோடு வந்தார்.

என் நினைவில் நிற்பவை ஹெரால்டுகள். நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வாரம் முழுக்க ஆபீசுக்குப் போன அதே வண்டி, பின் சீட்டைக் கழற்றி, பம்பரைக் கழற்றி, சைலன்சருக்குப் பதில் வெறும் குழாய் வைத்து ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து நிற்கும். எங்களுக்கு மகாராஜாவின் வண்டி வேடிக்கை, ஹெரால்டு எங்கள் வண்டி. சித்தப்பா ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு பட்டறையில் லேத்தில் வேலை பார்த்தார். அங்கே கடைந்த ஏதாவது ஒரு பாகம் எந்த வண்டிக்குள் இருக்கிறதோ அந்த வண்டிக்குத்தான் கை தட்டுவார்.

1990-ல் கிளப் தன் சொந்த இடத்தில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் புதிய தடத்தைத் திறந்தது. சோழவரத்தில் சத்தம் அடங்கியது. பாதுகாப்புக்கும் வசதிக்கும் அந்த மாற்றம் தேவையாக இருந்தது. ஆனாலும் அந்த வழியே பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருந்ததில்லை.

சென்னையிலேயே இதைப் பார்க்க முடியுமா?

பழைய வண்டிகளைப் பார்க்கலாம். அவை போட்டி போட்டு ஓடுவதைப் பார்க்கத்தான் வழி குறைவு. இங்கே நடப்பது பெரும்பாலும் கண்காட்சியும், கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நகரத்திலும் போகும் ஊர்வலமும்தான். அதைக் குறைவாக எண்ணவேண்டாம். சென்னைக்குக் காரோடு உள்ள உறவு மிகப் பழையது. 1903-லேயே சிம்சன் நிறுவனம் இங்கே நீராவிக் கார் ஒன்றைக் கட்டியிருக்கிறது. அந்தப் பரம்பரையில் வந்த மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். ஊர்வலம் கிளம்பும் இடத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டால் அவர்களைப் பார்க்கலாம். கோயம்புத்தூருக்குப் போனால் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் ஒரு முழு நாளைச் செலவிடுங்கள்.

பந்தயத்துக்கு உங்கள் கண்ணையும் காதையும் பழக்க இருங்காட்டுக்கோட்டை போதும். தடம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரம், பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸில் இருங்காட்டுக்கோட்டையில் இறங்கலாம். அங்கே ஓடுபவை புதிய வண்டிகள்தான். ஆனால் பிரேக்கை எந்த இடத்தில் பிடிக்கிறார்கள், வளைவுக்குள் எந்தக் கோட்டில் நுழைகிறார்கள் என்பதை அங்கே கற்றுக்கொண்டு வெளிநாட்டுக்குப் போனால், செலவழித்த பணத்துக்கு இரண்டு மடங்கு பார்த்துவிட்டு வருவீர்கள்.

வெளிநாட்டில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் எங்கே போவது?

குட்வுட் ரிவைவல் என்ற பழைய வண்டிப் பந்தய வார இறுதிக்கு. எனக்கு இதில் இரண்டாவது எண்ணம் இல்லை.

காரணம் இதுதான். குட்வுட்டும் ஒரு போர்க்கால விமான நிலையம். ஓடுதளத்தைச் சுற்றி இருந்த சாலையைத் தடமாக்கி 1948 செப்டம்பர் 18-ல் பந்தயத்தைத் தொடங்கினார்கள். ஸ்டிர்லிங் மாஸின் பந்தய வாழ்க்கையை முடித்துவைத்த விபத்து 1962-ல் அங்கேதான் நடந்தது. கார்களின் வேகம் கூடிக்கொண்டே போனதால் 1966-ல் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1998-ல், அதே செப்டம்பர் 18 அன்று, தடத்தைப் பழைய தோற்றத்துக்கே கொண்டுவந்து மறுபடி திறந்தார்கள். தடம் மூடிக் கிடந்த காலத்துக்கு முந்தைய வண்டிகள் மட்டுமே அந்த வார இறுதியில் ஓடும். முதல் முறை வாசலைத் தாண்டி உள்ளே போய் அந்தப் புல்வெளியையும் வெள்ளைக் கட்டடங்களையும் பார்த்தபோது சோழவரம்தான் என் கண் முன்னால் வந்தது. அதே போர், அதே மாதிரி கைவிடப்பட்ட ஓடுதளம். ஒன்றை மட்டும் தட்டி எழுப்பிவிட்டார்கள்.

பிரான்ஸில் லே மான்ஸ் கிளாசிக் இருக்கிறது. 13 கிலோமீட்டருக்கும் அதிகமான முழுத் தடத்தில், காலத்துக்கு ஒரு குழுவாகப் பிரித்து, இரவு பகலாக ஓட்டுவார்கள். நள்ளிரவில் மஞ்சள் முகப்பு விளக்குகள் வரிசையாக வருவதை அங்கே பார்க்கலாம். ஆனால் இடம் மிகப் பெரியது, முதல் முறை போகிறவருக்குக் காட்டில் விட்டதுபோல் இருக்கும். மொனாக்கோவில் நகரத் தெருக்களிலேயே பழைய கிராண்ட் பிரீ கார்கள் ஓடும். நெரிசலும் விலையும் அதிகம். அமெரிக்காவில் உறவினர் இருந்தால் ஆகஸ்ட் மாதம் கலிபோர்னியாவின் லகூனா செகாவுக்குப் போங்கள். 'கார்க்ஸ்க்ரூ' என்ற வளைவில் வண்டி கிட்டத்தட்ட ஐந்து மாடி உயரம் இறங்கும். வீடியோவில் அந்தச் சரிவு தெரியவே தெரியாது.

குட்வுட்டுக்குப் பழைய காலத்து உடைதான் போட வேண்டுமாமே?

கட்டாயம் என்று யாரும் திருப்பி அனுப்புவதில்லை, ஆனால் பெரும்பாலோர் 1940-கள் முதல் 60-கள் வரையிலான உடையில்தான் வருவார்கள். கடன் வாங்கிய கோட்டும் தொப்பியும் வேண்டாம். அந்தக் காலத்தில் நம் ஊரிலும் மனிதர்கள் உடுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். நான் மெட்ராஸ் செக் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்டேன், என் மனைவி கட்டம் போட்ட பருத்திச் சேலை. இரண்டுமே அந்தக் காலத்துக்கு மிகச் சரியான உடை. மாலையில் குளிரும், ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.

செலவு?

விமான டிக்கெட்டும் விசாவும்தான் பெரியவை. குறைக்க முடிந்த இடம் தங்குவதில் இருக்கிறது. குட்வுட்டுக்குப் பக்கத்து ஊர் சிசெஸ்டர். அந்த வாரம் அங்கே அறை கிடைப்பது கஷ்டம், ரயில் பாதையில் சில ஸ்டேஷன் தள்ளித் தங்குங்கள். நுழைவு டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னதாக வாங்கிவிட வேண்டும். வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். மூன்று நாளுக்கும் பணம் இல்லையென்றால் வெள்ளிக்கிழமையை எடுங்கள். கூட்டம் குறைவு, பயிற்சி ஓட்டங்கள் அதிகம், மெக்கானிக்குகள் பேசும் மனநிலையில் இருப்பார்கள்.

பேடாக் என்கிறார்களே, அங்கே என்ன பார்ப்பது?

பந்தயங்களுக்கு இடையில் வண்டிகளை நிறுத்திச் சரிபார்க்கும் முற்றம்தான் பேடாக். பழைய வண்டிப் பந்தயத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் நடக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்றைய பார்முலா ஒன்னில் நீங்கள் நெருங்கவே முடியாத இடம், இங்கே கயிற்றுக்கு அந்தப் பக்கம் கை எட்டும் தூரத்தில் இருக்கும்.

எல்லா வண்டியையும் பார்க்கப் பறக்காதீர்கள். என் முதல் குட்வுட்டில் காலை முழுவதும் ஓட்டமாக ஓடி நூற்றுக்கு மேல் படம் எடுத்தேன், ஒரு வண்டியைக்கூடப் பார்க்கவில்லை. மதியத்துக்கு மேல் கால் வலித்து ஒரே ஒரு வண்டியின் பக்கத்தில் நின்றுவிட்டேன். 1950-களின் ஒற்றை இருக்கை கிராண்ட் பிரீ கார். அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் அதைப் பந்தயத்துக்குத் தயார்செய்துகொண்டிருந்தார்.

இன்ஜினைச் சூடேற்ற ஒரு வகை ஸ்பார்க் பிளக், பந்தயத்துக்கு வேறு வகை. குளிர்ந்த இன்ஜினில் பந்தயப் பிளக்கைப் போட்டால் கரி பிடித்து அணைந்துவிடும். அவர் முதல் வகையைப் போட்டு இன்ஜினைக் கிளப்பினார். கால் மணி நேரம், ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்ல ஏற்றி இறக்கி, எண்ணெய்ச் சூட்டுமானியில் முள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைத்தார். சூட்டோடு சூடாக ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியில் சிலிண்டர் வரிசைப்படி அடுக்கினார். பிறகு குனிந்து அவற்றின் முனையைப் பார்த்தார். பிஸ்கட் நிறம் இருந்தால் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் எரிகின்றன. கறுப்பாக இருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் குறைவு, இன்ஜின் சூடேறிக் கெட்டுவிடும். ஐந்தாவது பிளக் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கறுத்திருந்தது. அவர் அதை எடுத்து எனக்கும் காட்டினார், ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்கள் சித்தப்பாவும் இதே மாதிரிதான், பிளக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

அப்போது வந்த வாசனையைச் சொல்லியாக வேண்டும். விளக்கெண்ணெய்! அந்தக் காலப் பந்தய இன்ஜின்களுக்கு ஆமணக்கு எண்ணெயில் செய்த மசகு எண்ணெயைத்தான் ஊற்றுவார்கள். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு அது விலகாது. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்து வந்ததுதான். வெள்ளைக்காரர்கள் அந்தப் புகையை இழுத்து மூச்சுவிட்டு 'ஆகா' என்கிறார்கள். எனக்கோ சிறுவயதில் மூக்கைப் பிடித்துக் குடிக்கவைத்த கரண்டியும், கோயில் பிரகாரத்தில் அகல் அணையும்போது வரும் வாசனையும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. உலகத்தில் மிக அதிகமாக ஆமணக்கு எண்ணெய் எடுக்கும் நாடு நம்முடையது என்று அந்த மெக்கானிக்கிடம் சொன்னேன். அதற்குத்தான் அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

வண்டியைத் தொடலாமா?

கேட்காமல் தொடக்கூடாது. பெல்ட் பக்கிள், கைப்பை ஜிப் எதுவும் உரசாமல் நில்லுங்கள், அலுமினியத் தகடு மெல்லியது. இன்ஜினுக்குள் கை விட்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த பிறகு கேட்டால் நிச்சயம் பதில் சொல்வார். "இது என்ன விலை?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கே நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும்?

நேர்பாதையில் நின்றால் சத்தம்தான் கிடைக்கும். வேகமான வளைவு ஒன்றின் வெளிப்புறம், வேலிக்குப் பின்னால், கொஞ்சம் உயரமான இடமாகப் பாருங்கள். ஒரு முழுப் பந்தயத்தையும் அதே இடத்தில் நின்று பாருங்கள்.

பார்க்க வேண்டியது ஓட்டுநரின் கை. இன்றைய காரில் ஹெல்மெட்டின் உச்சி மட்டுமே தெரியும். 1950-களின் காரில் முழங்கை, தோள் எல்லாம் வெளியே இருக்கும். அந்தக் காலத்து டயர்கள் சாலையைக் கவ்விப் பிடித்திருந்து சட்டென்று விட்டுவிடுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். அதனால் நான்கு சக்கரங்களும் பக்கவாட்டில் நழுவ, மூக்கு வளைவின் உள்பக்கம் பார்த்திருக்க, ஓட்டுநர் ஸ்டியரிங்கைவிட அதிகமாக ஆக்சிலரேட்டராலேயே வண்டியைத் திருப்புவார். கியரை இறக்கும்போது நடுவில் ஒரு உறுமல் கேட்கும். நம் பழைய லாரி டிரைவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், டபுள் கிளட்ச்தான். அந்த உறுமல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கேட்டால் அவர் கைதேர்ந்தவர்.

கோடிக்கணக்கில் மதிப்புள்ள வண்டியை இடிக்க விடுகிறார்களே, மியூசியத்தில் வைத்தால் என்ன?

ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தமே 36 வண்டிகள்தான் செய்யப்பட்டன. அதில் ஒன்று வளைவில் இன்னொரு வண்டியோடு உரசுவதைப் பார்த்தால் நமக்கே நெஞ்சு பதறும். ஆனால் தேர் நிலையிலேயே நின்றால் அது வெறும் மரச் சிற்பம்தானே. வடம் பிடித்து, முட்டுக்கட்டை போட்டு, சக்கரம் கிறீச்சிட்டுத் தெருமுனையில் திரும்பினால்தான் தேர். பந்தயக் காரும் அப்படித்தான். ஓடாத இன்ஜினில் ரப்பர் இறுகிப்போகும், எண்ணெய் கெட்டியாகும். அதைவிட முக்கியம், அதை ஓட்டத் தெரிந்த காலும் சரிசெய்யத் தெரிந்த கையும் இல்லாமல் போய்விடும்.

ஓடுவது அசல் வண்டியா, நகலா?

இரண்டும் ஓடும். சர்வதேசப் பந்தயங்களில் ஒவ்வொரு வண்டிக்கும் அதன் தொழில்நுட்ப விவரங்களைப் பதிந்த கடவுச்சீட்டு மாதிரி ஓர் ஆவணம் உண்டு. அந்தக் காலத்தில் இல்லாத பாகத்தைப் பூட்டிக்கொண்டு வர முடியாது. ஆனால் எழுபது ஆண்டு பந்தயம் ஓடிய வண்டியில் எவ்வளவு இரும்பு பழையது என்பது கடினமான கேள்வி. ஜாகுவார் நிறுவனம் 1960-களில் எடை குறைந்த இ-டைப் கார்கள் 18 செய்யத் திட்டமிட்டு 12 மட்டும் செய்தது. விட்டுப்போன ஆறையும் 2014-ல் செய்யத் தொடங்கியது. அவை அசலா? அந்த ஆறையும் அசல் வரிசையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. பழுதுபார்த்து வந்த வண்டியைப் பற்றி எனக்குத் தயக்கம் இல்லை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது. அதனால் அது வேறு தேர் என்று திருவாரூரில் யாராவது சொல்வார்களா?

கொடிகளுக்கு என்ன அர்த்தம்?

மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு, பந்தயம் நிறுத்தம். நீலம், பின்னால் வேகமான வண்டி வருகிறது. மஞ்சளும் சிவப்பும் கோடுகளாக இருந்தால் தரையில் எண்ணெய் அல்லது தண்ணீர் வழுக்குகிறது. பழைய வண்டிகள் எண்ணெய் சிந்தும், ஆகவே இந்தக் கடைசிக் கொடியை அதிகம் பார்ப்பீர்கள்.

கொடி பிடிப்பவர்கள் மார்ஷல்கள். என் அக்கா மகள் கல்லூரியில் படிக்கும்போதே இருங்காட்டுக்கோட்டையில் மார்ஷலாகச் சேர்ந்தாள். பயிற்சி கொடுத்து, ஒரு வளைவில் நிறுத்துவார்கள். வெயிலும் தூசியும் அதிகம், ஆனால் எந்த டிக்கெட் வாங்கினாலும் கிடைக்காத நெருக்கம் அது. இளைஞர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. காதை மூடும் கவசம் கட்டாயம் வேண்டும். பஞ்சு வைப்பது போதாது. குட்வுட்டில் செட்ரிங்டன் கோப்பை என்று சிறுவர்களுக்கே ஒரு பந்தயம் இருக்கிறது, ஆஸ்டின் ஜே40 என்ற மிதி காரில். வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் தடத்தின் குறுக்கே ஓடிவந்து ஏறி, உயிரைக் கொடுத்து மிதிப்பார்கள். இருங்காட்டுக்கோட்டைக்கு என்றால் தண்ணீர், தொப்பி, தயிர்சாதம்.

நானே ஒரு பழைய வண்டி வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். அவர் கிடைத்த பிறகு அவருக்குத் தெரிந்த வண்டியை வாங்குங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் நாலு நடை நடந்தால் எந்த வண்டிக்குப் பாகம் கிடைக்கும் என்று தெரிந்துவிடும். 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு செய்தால் எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது ஆகியவற்றுக்காகச் சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீசுக்கு எடுத்துப் போக முடியாது.

அப்பாவுக்கு 78 வயது. சோழவரம் பார்த்தவர். கூட்டத்துக்கு அழைத்துப் போகத் தயக்கமாக இருக்கிறது.

அழைத்துப் போங்கள். மடக்கு நாற்காலி ஒன்று, குடை ஒன்று. மாத்திரை டப்பா பையின் வெளி அறையில் இருக்கட்டும். பந்தயம் வரை காத்திருக்க வேண்டாம், நகரத்தில் பழைய கார்களின் கண்காட்சி நடக்கும் காலையே போதும். ஏழு மணிக்கே போய்விட்டால் வெயிலும் இல்லை, நெரிசலும் இல்லை.

சித்தப்பாவை அப்படித்தான் அழைத்துப் போனேன். பளபளப்பான பெரிய அமெரிக்கக் கார்களைத் தாண்டி நேராக ஒரு ஹெரால்டிடம் போய் நின்றார். அதன் உரிமையாளர் என் வயதுக்காரர், பானெட்டைத் திறந்து காட்டினார். ஹெரால்டின் பானெட் இரண்டு பக்க மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்பக்கமாக மொத்தமாகக் கவிழும், முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து வேலை செய்யலாம். சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தார். கார்புரேட்டரை விரலால் தொட்டார். "ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி" என்றார். மதியம் சாப்பிடக்கூட அவரை அங்கிருந்து எழுப்ப முடியவில்லை.